சாட்சிக் கையெழுத்து

என் தாய் இறந்த நேரத்தை நான் மாற்றிச் சொன்னேன். குற்றம் அதுதான்.

அம்மா இறந்தது அதிகாலை நாலரை மணிக்கு. கண் வங்கிக்குத் தகவல் சொல்லும் தன்னார்வலர் ஏழு மணிக்கு எங்கள் வாசலுக்கு வந்தார். "ராத்திரி பதினோரு மணிக்கே போயிட்டாங்க" என்றேன். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு மணி என்றால் கெடு முடிந்துவிட்டது. நாலரை மணி என்றால் இன்னும் மூன்றரை மணி நேரம் மிச்சம். அந்த மூன்றரை மணி நேரத்தை நான் மறைத்தேன்.

நான் யார் என்று சொன்னால்தான் இந்தப் பொய்யின் கனம் உங்களுக்குத் தெரியும். மதுரை மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து ஊர்களில் கண் தானம் என்று யாராவது பேச்செடுத்தால் அடுத்து என் பெயரைச் சொல்வார்கள். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் கண் தான இருவார விழாவில் நான் ஏறாத மேடை இல்லை. பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கொடுப்பார்கள். முன்னறை அலமாரி நிறையக் கேடயங்கள். வருகிறவர்கள் கண்ணில் படும்படி அவற்றை அடுக்கி வைத்தவனும் நான்தான்.

மேடையில் நான் பேசியதில் தவறு ஒன்றும் இல்லை. கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் மேலே இருக்கும் கண்ணாடி மாதிரி, அது மங்கினால் உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் மணி தெரியாது என்பேன். அதில் இரத்தக் குழாய் கிடையாது, அதனால் இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை என்பேன். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி, இரத்தக் கொதிப்பு உள்ளவர், எல்லோரும் தரலாம் என்பேன். எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் கெடாது என்பேன். நாட்டின் முதல் கண் வங்கியே 1945-ல் நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான் தொடங்கியது என்று பெருமையடிப்பேன்.

பிறகு கண்ணப்ப நாயனாரை இழுப்பேன். அதற்குக் கைதட்டல் நிச்சயம். கடைசியாக இலங்கை மருத்துவர் ஹட்சன் சில்வாவுக்கு வருவேன். 1960-ல் அவருடைய தாய் இறந்தபோது, அந்தத் தாயின் கருவிழியை எடுத்து ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தியவர் அவர். அவர் தொடங்கிய கண் தான சங்கம் பிற்பாடு எத்தனையோ நாடுகளுக்குக் கருவிழிகளை அனுப்பியது. "பெற்ற தாயின் கண்ணைக் கொடுத்த மகன்" என்று சொல்லி ஒரு கணம் நிறுத்துவேன். எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் உருகும் என்பது எனக்கு மனப்பாடம்.

அம்மாவிடம் படிவத்தை நீட்டியதும் இப்படியொரு விழா சமயத்தில்தான். தலைமையாசிரியர் வீட்டிலேயே முதல் கையெழுத்து என்று அறிவிக்க எனக்கு ஆசை. அம்மா அவ்வளவு சுலபத்தில் போடவில்லை.

"ஆபரேசன் பண்ணுன கண்ணு எதுக்குடா அவுகளுக்கு?" என்று கேட்டார். கண்புரை அறுவையில் மாற்றுவது உள்ளே இருக்கிற லென்ஸை, தானத்துக்கு வேண்டியது முன்னால் இருக்கிற கருவிழியை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வடக்குத் தெரு மதினிக்குக் கதிரு குத்தி போச்சே, அது மாதிரி ஆளுகளுக்கா?"

"ஆமாம்மா."

அந்த மதினியை எனக்கும் தெரியும். அம்மாவோடு கதிர் அறுக்கப் போனவர். நெல் தோகை கண்ணில் கீறியது. யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் விட்டார்கள், பச்சிலைச் சாறு பிழிந்தார்கள். கீறல் வழியே பூஞ்சை இறங்கிக் கருவிழி வெந்துபோய் வெள்ளையாகிவிட்டது. நம் பக்கத்து வயல்களில் காலம் காலமாகக் கண் பறிபோகும் வழிகளில் இது ஒன்று. தோகை கீறும், தட்டை குத்தும், மண் தெறிக்கும், கைவைத்தியம் மீதியைச் செய்துவிடும். அந்த மதினி கடைசிவரை ஒரு கண்ணோடுதான் நாற்று நட்டார். அவரை நினைத்துத்தான் அம்மா கையெழுத்துப் போட்டார். என் விழாவுக்காகப் போடவில்லை.

உறுதிமொழிப் படிவத்துக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். அதில் ஒருவராவது நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். நாளைக்கு வீட்டார், எங்களுக்குத் தெரியாதே என்று சொல்லக் கூடாது அல்லவா? அம்மாவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உறவு நான்தான்.

இனி அந்த அதிகாலையைச் சொல்கிறேன்.

அம்மா தூக்கத்திலேயே போனார். என் மனைவி எழுப்பினாள். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் அம்மாவின் கண்களை மூடிவிட்டேன். எந்த மகனும் அதைச் செய்வான். அடுத்து என் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. காத்தாடியை நிறுத்தினேன். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். நிறுத்த வேண்டும், இமை மேல் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்த வேண்டும், கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். நாலு வேலை. நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்த நாலு வேலை. ஒன்றைச் செய்திருந்தேன்.

அப்போது மாமா வந்தார். அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். அடுத்த தெருதான். வந்தவர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தாடியப் போடு மாப்ள. அக்கா புழுக்கம் தாங்காது."

நான் போட்டேன்.

இந்த இடத்தில் என்னை விட்டுவிடாதீர்கள். மாமா எதையும் தடுக்கவில்லை. அவருக்கு விஷயமே தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். "மாமா, அம்மா கண்ணை எழுதிக் கொடுத்திருக்கு, அதான் நிறுத்தினேன்" என்று ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. மணிக்கணக்கில் மேடையில் பேசுகிற வாய் இது.

பயம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறந்த வீட்டுக்காரர்கள் கோபிப்பார்கள், கோடி போட மாட்டார்கள், அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாள் என்று யாராவது ஒரு கிழவி மாரடிப்பாள், இழவு வீட்டில் சண்டை வரும். இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதன் பெயர் கர்வம்.

நான் கேட்டு, என் சொந்தக்காரர்களே முடியாது என்று சொல்லிவிட்டால்? ஊர் கூடியிருக்கும் வாசலில் தலைமையாசிரியரின் பேச்சு எடுபடவில்லை என்று ஆகிவிட்டால்? அடுத்த விழாவில் எந்த முகத்தோடு மேடை ஏறுவேன்? அம்மாவின் உடல் கூடத்தில் கிடக்கும்போது நான் என் மேடையைப் பற்றிக் கவலைப்பட்டேன். தோற்றுப் போவதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று முடிவு செய்தேன். அதற்குப் பொறுமை, துக்கம், பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குத் தன்னார்வலர் வந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர். பள்ளியில் என்னிடம் படித்தவர். எந்த ஊரில் இழவு விழுந்தாலும் போய், கூட்டத்தின் ஓரமாக நின்று, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரைத் தனியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்பார். திட்டும் வாங்குவார். அவரை இந்த வேலையில் இறக்கிவிட்டதும் நான்தான். அன்று என்னையே தனியே கூப்பிட்டார்.

"சார், அம்மா எத்தனை மணிக்கு...?"

அவர் கேட்ட விதத்தில் ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. நான் ஏற்கெனவே போன் செய்திருப்பேன், வண்டி வந்துகொண்டிருக்கும், தன்னால் ஆன உதவி ஏதாவது உண்டா என்று பார்க்கத்தான் வந்திருந்தார். பதினோரு மணி என்றேன். அவர் முகம் விழுந்தது. "அடடா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் தேற்றினார். பொய் சொன்னவனுக்கு ஆறுதலும் கிடைத்தது. நிலைப்படியில் நின்ற என் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு மணிவாக்கில் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தங்கை போன் செய்தாள். அழுதுகொண்டே கேட்டாள்: "கண்ணுக்குச் சொல்லிட்டியாண்ணே? அம்மா எங்கிட்டயும் சொல்லிருந்துச்சு." நேரம் இன்னும் இருந்தது. எனக்குத் துணையாக ஒரு குரலும் கிடைத்துவிட்டது. மாமாவிடம் நான் பேச வேண்டியதுகூட இல்லை. போனை அவரிடம் கொடுத்திருந்தால் அவளே பேசியிருப்பாள். "நீ பத்திரமா வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். முதல் பொய்யை வாய் தவறியது என்று யாராவது மன்னிக்கலாம். இதை மன்னிக்க வழியில்லை.

பத்தரை மணி எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கடந்ததும் நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

மாலையில் அம்மாவின் சுருக்குப்பையை மனைவி என்னிடம் கொடுத்தாள். கொட்டைப்பாக்குத் துண்டுகள், ரேஷன் கார்டு நகல், முதியோர் பென்ஷன் வாங்கிய சீட்டு. அவற்றோடு நாலாக மடித்து, ஓரம் வெற்றிலைக் கறை படிந்த கண் தான அட்டை. நான் கொடுத்த அட்டை. அதை எங்கேயோ போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். போகிற இடமெல்லாம் இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கிறார்.

என்னைக் காட்டிக்கொடுத்தது என் மகன் அடித்த பேனர். கண்ணீர் அஞ்சலி பேனரில், "இன்று அதிகாலை 4.30 மணியளவில் இயற்கை எய்தினார்" என்று போட்டிருந்தான். பேருந்து நிறுத்தத்தில், மருந்துக்கடைக்கு நேர் எதிரே, கட்டிவிட்டார்கள். காரியம் முடியும்வரை அது அங்கேயே தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல் ஒரு நாளும் கடை திறந்திருக்க முடியாது. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு வருவது மட்டும் நின்றது.

என் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். எடுக்கிற எல்லாக் கருவிழிகளையும் பொருத்துவதில்லை. இரத்த மாதிரியில் தொற்று இருந்தால் தள்ளிவிடுவார்கள். செல்கள் தேறாவிட்டால் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்துவிடுவார்கள். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தேறாமலே போயிருக்கலாம். இந்த வாதத்தைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கொஞ்ச காலம் தூங்கினேன். ஆனால் தேறுமா தேறாதா என்று பார்க்க வேண்டியது கண் வங்கி. அவர்கள் பார்க்கவே விடாமல் செய்தவன் நான். தேறியிருந்தால் இரண்டு பேர் பார்வை பெற்றிருப்பார்கள். வெந்து வெளுத்த கண்ணோடு யாரோ இரண்டு பேர் மேலும் சில காலம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் அவர்களை ஏமாற்றுவது சுலபமாக இருந்தது.

நான் முகம் பார்த்துச் செய்த தீங்கு வேறு. ஊர் எதையும் மறைத்து வைக்காது. நேரக் கணக்கு வெளியே வந்துவிட்டது. அடுத்தடுத்து நடந்த சாவுகளில் மருந்துக்கடைக்காரர் போய்க் கேட்டபோது, "வாத்தியார் வீட்லயே எடுக்கல, எங்க வீட்ல மட்டும் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒருநாள் அவர் கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். அதிலும் கோழைத்தனம். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"வேணாம்னு சொல்லியிருந்தா நான் பேசாமப் போயிருப்பேன் சார். எத்தனையோ வீட்ல சொல்லியிருக்காங்க. அது அவங்க உரிமை. நீங்க மணிய மாத்திச் சொன்னீங்க. அதுக்கப்புறம் எந்த வீட்ல யார் என்ன மணி சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரல. சில வீட்டு வாசல்ல கேக்காமலேயே திரும்பிட்டேன்."

கேட்காமல் திரும்பிய அந்த வாசல்களும் என் கணக்கில்தான் சேரும்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். "இனி நீங்க என்கூட வாங்க. நீங்களே கேளுங்க." தண்டனையாகச் சொன்னாரா, வேலையாகச் சொன்னாரா தெரியாது. போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் எங்கே சறுக்கும் என்று விழுந்தவனுக்குத் தெரியும். அந்த ஒரு தகுதியில் சொல்கிறேன்.

பதிவு செய்யுங்கள். உறுப்பு தானத்துக்கு ஆதார் எண்ணைக் கொண்டு, தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பான நோட்டோவின் இணையதளத்தில் பதிவு செய்யலாம். கண்ணுக்கு அருகிலுள்ள கண் வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். இதயம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வீட்டில் இறப்பவரிடமிருந்து எடுக்க முடியாது. மூளைச்சாவு அடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடமிருந்துதான் எடுப்பார்கள். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட்ட பிறகுதான் மூளைச்சாவு என்று அறிவிப்பார்கள். அது நம்மில் மிகச் சிலருக்கே நேரும். நம்மில் பலர் என் அம்மாவைப் போல வீட்டுக் கட்டிலில்தான் போவோம். அப்படிப் போகிறவருக்கும் கொடுக்கக் கண் இருக்கிறது.

ஆனால் பதிவோடு நிறுத்தாதீர்கள். இந்த நாட்டில் நீங்கள் எழுதி வைத்தாலும், கடைசியில் வீட்டாரிடம் கேட்டுத்தான் எடுப்பார்கள். நீங்கள் எழுதி வைக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் எடுப்பார்கள். அப்படியானால் அட்டையைவிட வீட்டில் இருக்கும் ஆள்தான் முக்கியம். 2008-ல் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். பதினைந்து வயதுப் பையன் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான். பெற்றவர்கள் முடிவெடுத்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் வேகம் பிடித்தது அதன் பிறகுதான். இன்று அப்படிக் கொடுப்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. 2023 செப்டம்பரில் அரசு அதை அறிவித்தது. பிள்ளையின் இதயத்தைக் கொடுத்தவர்கள் இருக்கும் இதே மாநிலத்தில்தான், எழுதிக் கையெழுத்திட்டு இடுப்பில் சொருகி வைத்திருந்த தாயின் கண்ணை நான் கொடுக்காமல் விட்டேன்.

ஆகவே, யார் போன் செய்யப் போகிறார் என்று இன்றே முடிவு செய்யுங்கள். மூத்த மகன் என்பதற்காக அவனிடம் ஒப்படைக்காதீர்கள். ஊரில் பெயரெடுத்தவனிடம் அறவே வேண்டாம். கூட்டத்துக்குக் கூசாதவர் யாரோ அவரிடம் சொல்லுங்கள். தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, எல்லோருக்கும் உயிரோடு இருக்கும்போதே நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். இழவு வீட்டில் முதல்முறையாகக் கேட்கும் செய்தியாக அது இருக்க வேண்டாம். என் வீட்டில் அந்தப் பொறுப்பை மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் யாருக்கும் பயப்படுகிறவள் இல்லை. மாமாவைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே அதைச் சொன்னேன். அம்மா விஷயத்தையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கிட்டக் கேட்டிருக்கணும்" என்றார். கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதிலால் என் குற்றம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

இப்போது இழவு வீடுகளில் மருந்துக்கடைக்காரர் ஓரமாக நிற்கிறார். பேசுவது நான். கண்ணப்பரும் இல்லை, ஹட்சன் சில்வாவும் இல்லை. "எங்கம்மா கண்ணை நான் கொடுக்கல, பொய் சொல்லித் தடுத்தேன், நீங்க முடிவு பண்ணுங்க. வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க" என்கிறேன். சில வீட்டில் தருகிறார்கள். சில வீட்டில், "உனக்கென்னய்யா யோக்கியதை?" என்று கேட்டு வாசலைக் காட்டுகிறார்கள். கேட்பது நியாயம்தான். கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறேன்.